மூன்றாம் பள்ளத்தாக்கில் மீன் குழம்பு

கிளடிஸ் ஸ்கீ பழகியது, மற்றவர்களின் ஜக்கெற்றுகளைப் பிடித்துக்கொண்டு நின்றதில் வந்த வினை.

கனடாவில், ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. ஒரு பெப்ரவரி மாதம் நாலாம் வகுப்பை நகரசபையின் பனிச் சறுக்குமலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கூடப் போகவேண்டிய தாய் ஒருத்தி வரவில்லை. ரீச்சர் கேட்டார், கிளடிஸ் பஸ்ஸில் ஏறினாள். மலையடிவாரத்தில் அரை மணித்தியாலம் இரண்டு கை நிறைய ஜக்கெற்றுகளோடு நின்றாள். பழக்குகிற பெண் அவளுடைய காலைப் பார்த்து, உங்கள் அளவில் ஒரு சோடி பூட்ஸ் சும்மா கிடக்கிறது என்றாள்.

மலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஏறுகிற நேரத்தில் பாதிகூட இறங்க எடுக்காது. அன்றைக்கு அவள் ஐந்தாறு தரம் விழுந்தாள். கடைசித் தரம் விழாமல் கீழே வந்து வேலியில் முட்டி நின்றபோது தனியே நின்று சிரித்தாள். முப்பத்தொன்பது வயதில், ஒருவரும் பகிடி சொல்லாமல், ஒருவருக்கும் காட்டுவதற்கில்லாமல் அப்படிச் சிரித்தது அவளுக்கே புதினமாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் அகஸ்ரின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் பால் லொறி ஓட்டுகிறவர். பனிக்காலத்தை அவர் பகையாளியாகத்தான் அறிவார்.

"இந்த நாட்டிலை வழுக்காமல் நடக்கப் பழகவே எங்களுக்குப் பத்து வருசம் போச்சுது. நீ இனிக் காசு குடுத்து வழுக்கப் போறியோ?"

"ஓம், போறன்," என்றாள் கிளடிஸ்.

அதன் பிறகு ஒவ்வொரு பனிக்காலமும் செவ்வாய்க்கிழமை மாலையில் போனாள். அங்கே ஒரு கூட்டம் இருந்தது. ஓய்வுபெற்றவர்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் என்று அவளோடு சேர்த்து ஏழு பேர். தலைவர் என்று ஒருவரும் இல்லையென்றாலும் மாக்கஸ் சொன்னால் கேட்பார்கள். முப்பது வருடம் தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஓட்டிய மனிதர். ஆட்களை எண்ணாமல் எதையும் தொடங்கமாட்டார். கடைசி ஆள் கீழே வந்து சேரும்வரை மறுபடி மேலே கொண்டுபோகிற லிப்ற்றில் ஒருவரும் ஏறக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே சட்டம்.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் கிளடிஸ்தான்.

அவளுக்குப் பயமில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்தையும் யோசித்து எடுப்பாள். கறிக்கு உப்புப் போடுவதுபோல, கூடிவிட்டால் பிறகு எடுக்கமுடியாது என்று நினைத்து இறங்குவாள். மேலே இருந்து பார்த்தால் கீழே ஆறு பேர் வரிசையாக நின்று முகத்தை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபமாகப் பார்ப்பதில்லை. ஒரு குறையும் சொன்னதில்லை. அவள்தான் வந்து சேர்ந்ததும் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பாள். பன்னிரண்டு பனிக்காலமாக ஓர் இரவுக்குப் பத்துத் தரம் "சொறி" சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவளுடைய ஸ்கீயின் ஒரு பாகம் போல ஆகிவிட்டது.

பிரான்ஸுக்குப் போகிற யோசனை மாக்கஸுடையது. சறுக்குமலையடியில் அவர்கள் கூடுகிற மலைக்குடிலின் சுவரில் அவர் ஒட்டி வைத்திருந்த ஒரு பெரிய ஸ்கீ வழிப் படத்திலிருந்து அது தொடங்கியது. ஆல்ப்ஸில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பள்ளத்தாக்குகள். மூன்றையும் கதிரைகள் தொங்குகிற லிப்ற் கம்பிகளால் ஒன்றாகத் தொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கில் காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினால், முகடு தாண்டி இரண்டாவதில் இறங்கி, அடுத்த முகடு தாண்டி மூன்றாவதையும் தொட்டுவிட்டு, அதே வழியால் பொழுதுபடுவதற்கு முன் திரும்பி வந்து சேரலாம். ரோட்டில் கால் வைக்கத் தேவையில்லை.

மூன்று வருடமாக எல்லாரும் காசு சேர்த்தார்கள். மார்ச் விடுமுறையில் பயணம் சரிவந்தது.

கிளடிஸின் மகள் ஸ்டெபனி அந்தப் படத்தைத் தாய்க்கென்று தனியே அச்சடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் முதல் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கி இரண்டு வருடமாகியும், அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் நூலகத்தில் பகுதிநேரம் வேலை செய்துகொண்டிருந்தாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள்.

"அம்மா, அங்கை போய்த் தனியச் சுத்த வேணுமெண்டு ஏன் நிக்கிறியள்? அவையோடை போகலாம்தானே?"

கிளடிஸ் மடித்த உடுப்பைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு எண்டாலும் எனக்காகக் கீழை ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கப்படாது, பிள்ளை. அவ்வளவுதான்."

ஸ்டெபனி தன் போனில் தாயின் இருப்பிடம் தெரிகிறமாதிரி மட்டும் செய்துவிட்டாள்.

*

பிரான்ஸில் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மற்றவர்களுக்கு முழங்கால் நோவு தொடங்கியிருந்தது. அன்றைக்கு ஊருக்குள்ளேயே சுற்றுவதாக இருந்தார்கள். கிளடிஸ் தான் மூன்றாவது பள்ளத்தாக்கின் அந்தக் கரைவரை தனியே போய்த் திரும்புவதாகச் சொன்னாள். மாக்கஸ் அவளை ஒருதரம் பார்த்தார்.

"போ. ஆனால் மூன்று மணிக்கு நீ இரண்டாவது முகட்டுக்கு ஏறுகிற லிப்றடியில் நிற்கவேண்டும். நாலுக்கு நிற்பாட்டுவார்கள் என்று போட்டிருக்கும், அதை நம்பாதே. காற்று எழும்பினால் முந்தியே நிற்பாட்டுவார்கள். கம்பி நின்றால் மலை பூட்டின கடை."

வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. முதல் முகட்டில் லிப்ற்றை விட்டு இறங்கியபோது, ஒரு பக்கம் விட்டு வந்த ஊரும் மறுபக்கம் இனிப் போகப்போகிற ஊரும் ஒரே பார்வையில் தெரிந்தன. இரவே இயந்திரம் ஓடி அழுத்தி வைத்த பனியில், சீப்பால் வாரியது போன்ற கோடுகள் இன்னும் கலையாமல் இருந்தன. அவள் தன் கணக்கில் மெல்ல மெல்லத் திருப்பித் திருப்பி இறங்கினாள். கீழே போய்ச் சேர்ந்ததும் வாய் தானாக "சொறி" என்றது. அங்கே ஒருவரும் இல்லை. ஒரு காகம் இருந்தது. அது கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த முகட்டுக்கு ஏறும்போது போன் அடித்தது. அகஸ்ரின்.

"எங்கை நிக்கிறாய்?"

"நிக்கேல்லை. தொங்கிறன்."

"என்னது?"

"கதிரை லிப்ற்றிலை இருக்கிறன். காலுக்குக் கீழை ஒண்டுமில்லை. வையுங்கோ, கை விறைக்குது."

"சாப்பிட்டியே?"

"இனித்தான்."

மூன்றாவது பள்ளத்தாக்கு மற்ற இரண்டையும்விட அகலமாகவும் அமைதியாகவும் இருந்தது. அதன் அடியில் இறங்கி, எதிர்ச் சரிவில் மறுபடி ஏறினாள். கடைசி லிப்ற்றின் கடைசித் தூணுக்குப் பின்னால் வெறும் பாறைதான். படத்தின் ஓரமும் அதுதான். தூணுக்கு மஞ்சள் நிறம் அடித்திருந்தது. கிளடிஸ் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் அதைத் தொட்டாள். குளிர் சுட்டது. மணி ஒன்று கூட ஆகவில்லை. நல்ல நேரத்தில் வந்திருக்கிறாள். அரை மணித்தியாலம் இருந்து சாப்பிடலாம்.

சரிவின் நடுவில் மரத்தால் கட்டிய ஓர் உணவகம். பரிமாறுகிற பெண் கொண்டுவந்து காட்டிய அட்டையில் எல்லாவற்றிலும் இறைச்சி. உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்த சாப்பாடுகூடப் பன்றித்துண்டு கலந்தது. தவக்கால வெள்ளிக்கிழமையில் கிளடிஸ் பிறந்ததிலிருந்து இறைச்சி தொட்டதில்லை. மலை உச்சியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருதரம் நினைத்தாள். நினைத்த பிறகு அதைச் சாப்பிடவே முடியாது. அந்தப் பெண்ணிடம் இறைச்சி இல்லாமல் தரமுடியுமா என்று இங்கிலீசில் கேட்டாள். அவள் குசினிப் பக்கம் திரும்பி பிரெஞ்சில் ஏதோ கத்தினாள்.

குசினி வாசலில் ஒரு தலை தெரிந்தது. நாற்பது வயது மதிக்கலாம். வெள்ளைத் தொப்பி, தோளில் துவாய். அவன் கிளடிஸின் முகத்தைப் பார்த்தான், ஹெல்மெற்றைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எண்டபடியாலோ?"

கிளடிஸ் ஓமென்று தலையை ஆட்டினாள்.

"அப்ப உதொண்டும் வேண்டாம். உள்ளுக்கை வாங்கோ. என்ரை மீன் குழம்பு இருக்குது. சோறு போட்டால் சரி. அஞ்சு நிமிசம்."

பெயர் பஸ்ரியன். மன்னார், பேசாலை. வீடு பாரிஸில். பனிக்காலம் தொடங்கினால் இங்கே வேலைக்கு வந்துவிடுவான், பங்குனி முடியத்தான் இறங்குவான். இது ஐந்தாவது வருடம். இவ்வளவும் அரிசி களைகிற நேரத்துக்குள் சொல்லிவிட்டான்.

"நீங்கள் எவ்விடம் அக்கா?"

"ஊர்காத்துறை. இப்ப கனடா. ஸ்காபரோ."

"ஊர்காத்துறையிலை ஆரின்ரை ஆக்கள்?"

கிளடிஸ் சொன்னாள். அவன் யோசித்தான். அடுப்பை விட்டுவிட்டு யோசித்தான். அவனுடைய தமக்கையின் மாமியார் ஊர்காவற்றுறையில், கிளடிஸுக்குப் படிப்பித்த சம்மனசு ஆசிரியர் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று கண்டுபிடித்தார்கள். கிளடிஸுக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்த பாதர்தான் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் என்றும் தெரியவந்தது.

"பாருங்கோ அக்கா, நாங்கள் சொந்தம்."

"சொந்தமில்லைத் தம்பி. ஒரே பாதர்."

"அது சொந்தத்தை விடப் பெரிசு."

சோறு வெந்துகொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஒன்றே முக்கால். கிளடிஸ் பூட்ஸின் கொளுக்கிகளைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள்.

"தம்பி, நான் லிப்ற் பிடிக்க வேணும். மூண்டு மணிக்கு."

"அது அஞ்சு மணி மட்டும் ஓடும் அக்கா. நான் ஒவ்வொரு நாளும் அதிலைதானே இறங்கிறன்."

அவன் சொன்னது, ஊரிலிருந்து உணவகத்துக்கு வேலையாட்களை ஏற்றி இறக்குகிற லிப்ற்றைப் பற்றி. கிளடிஸுக்கு வேண்டியது முகட்டைத் தாண்டுகிற லிப்ற். இரண்டும் வேறு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஐந்து மணி என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.

குசினியின் பின்மூலையில், கோப்பை கழுவுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கோப்பை வைத்தான். மீன் குழம்பில் பழப்புளிக்குப் பதில் எலுமிச்சை விட்டிருந்தான், தூள் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது. உறைப்பு சரியாக இருந்தது.

"நத்தாருக்குப் பிறகு இண்டைக்குத்தான் ரெண்டு கோப்பை வைச்சனான்," என்றான் பஸ்ரியன். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீனில் முள் பார்த்தான். "இஞ்சை வேலை செய்யிற மற்றவை பன்ரண்டு மணிக்கு நிண்டுகொண்டே சாப்பிட்டிடுவினம். நான் இதிலை இருந்து போனைப் பாத்துக்கொண்டு சாப்பிடுவன். மனிசி அந்த நேரம் வேலையிலை. இன்னொரு கரண்டி போடவோ?"

"காணும், வயிறு நிறைஞ்சிட்டுது."

"காணும் எண்டு சொன்னால் எங்கடை ஆக்கள் இன்னும் ஒருக்கால் போடலாம் எண்டு கருத்து."

அவன் போட்டான். கிளடிஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை. இப்போது எழும்பினால் சரி. அவன் தன் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ச் சோதனை எழுதிய கதையைத் தொடங்கியிருந்தான். பாதியில் இருந்தது. கோப்பையில் சோறும் பாதி இருந்தது. கதை முடியட்டும் என்று இருந்தாள். முடிந்ததும் தேத்தண்ணி வந்தது.

*

மூன்று மணிக்குக் கிளம்பினாள். வழமையை விட வேகமாக இறங்கினாள். வாழ்க்கையில் முதல்தரம் திருப்பங்களை யோசிக்காமல் எடுத்தாள். பள்ளத்தாக்கின் அடியில் இணைப்பு லிப்ற்றை நெருங்கும்போதே காற்று முகத்தில் அடித்தது. வாசலில் கயிறு கட்டியிருந்தது. நாலு மணிக்கு நிற்கவேண்டியதை முந்தியே நிற்பாட்டியிருந்தார்கள். ஆனால் கதிரைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாக ஏறியவர்கள் மேலே போய்ச் சேரும்வரை ஓடவேண்டும்தானே. ஒன்றன்பின் ஒன்றாக, ஆளில்லாத கதிரைகள் அவள் போகவேண்டிய முகட்டை நோக்கி ஆடி ஆடிப் போயின.

லிப்ற்காரன் கையை விரித்தான். வானத்தைக் காட்டினான். பிறகு ரோட்டைக் காட்டினான்.

கிளடிஸ் அந்தக் கயிற்றடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது. மாக்கஸுக்கு எடுத்தாள்.

"மாக்கஸ், நான் பிழையான பள்ளத்தாக்கில் நிற்கிறேன்."

மாக்கஸின் முதல் கேள்வி: "காயம் ஏதும்?"

"இல்லை."

"சாப்பிட ஏதாவது கிடைத்ததா?"

"அதுதான் பிரச்சினை."

அடுத்தது ஸ்டெபனி. ரொறன்ரோவில் அப்போது காலை.

"அம்மா, போனிலை உங்கடை புள்ளி ரெண்டு மணித்தியாலமா ஒரே இடத்திலை நிண்டுது. விழுந்திட்டியளோ? அப்பா வேலைக்குப் போகாமல் இருக்கிறார்."

"விழேல்லைப் பிள்ளை. சாப்பிட்டனான்."

ஸ்டெபனியின் குரலில் கவலை போய்ச் சந்தேகம் வந்தது. "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறும் மீன் குழம்பும்."

பின்னால் அகஸ்ரின் சிரிப்பது கேட்டது. "கொம்மா மலையிலையும் சோத்துக் கடை கண்டுபிடிச்சிட்டா. நான் வேலைக்குப் போறன்."

வேறு வழியில்லாமல், கிளம்பும்போது பஸ்ரியன் தந்த நம்பருக்கே எடுத்தாள். அவன் ஐந்து மணிக்கு வேலையாட்கள் லிப்ற்றில் இறங்கி, தன் பழைய வானைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்கீக்களை இருக்கைகளுக்கு நடுவால் நீட்டி வைத்தார்கள். அந்த முகடுகளைச் சுற்றிப் போக, முதலில் ஆறு ஓடுகிற பட்டணம்வரை இறங்கி, பிறகு அடுத்த ரோட்டால் வளைந்து வளைந்து ஏறவேண்டும். கம்பியில் பத்து நிமிடத்தில் தாண்டுகிற முகடு ரோட்டில் பெரிய பயணம்.

"என்னாலைதான் அக்கா. எனக்கு அந்த லிப்ற்றைப் பற்றித் தெரியாது."

"உம்மாலை இல்லை. நான் மணிக்கூட்டைப் பாத்தனான்."

அவன் திரும்பிப் பார்த்தான்.  ஒரு வளைவு தாண்டியதும், "அந்தப் பக்கம் எப்பிடி இருக்கும்?" என்றான்.

"எந்தப் பக்கம்?"

"முகட்டுக்கு அங்காலை. நான் பாத்ததில்லை. எனக்கு அங்கை என்ன வேலை?"

ஐந்து பனிக்காலமாக அந்த முகட்டைக் குசினி யன்னலால் பார்த்தவனுக்கு, அதன் மறுபக்கத்தைச் சொல்லக்கூடிய ஆள் தான்தான் என்பது கிளடிஸுக்கு விசித்திரமாக இருந்தது. சொன்னாள். வாரிய பனியைச் சொன்னாள். காகத்திடம் சொறி கேட்டதைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தபோது வான் ஒருபக்கம் இழுத்தது.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது பொழுதுபட்டிருந்தது. முற்றத்தில் ஆறு பேரும் நின்றார்கள். அவள் வானில் வருகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பழக்கதோஷத்தில் ஆறு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே பனி அழுத்துகிற இயந்திரங்களின் வெளிச்சம் ஊர்ந்தது.

கிளடிஸ் வான் கதவைத் திறந்து இறங்கி, சத்தம் போடாமல் நின்றாள். பன்னிரண்டு பனிக்காலம் அவர்களுடைய முகங்களைத்தான் மேலே இருந்து பார்த்திருக்கிறாள். அவர்கள் காத்து நிற்கும்போது முதுகைப் பார்த்தது இதுதான் முதல்தரம். ஒருவர் இடுப்பில் கை வைத்திருந்தார். இன்னொருத்தி மற்றவளின் தோளில் சாய்ந்திருந்தாள். மாக்கஸின் கையில் ஆவி பறக்கிற கோப்பை இருந்தது. யாரோ பகிடி சொல்ல, எல்லாரும் சிரித்துக் குலுங்கினார்கள். காத்து நிற்கிறவர்கள் இப்படித்தான் நின்றிருக்கிறார்களா?

"நான் இஞ்சை," என்றாள் தமிழில். எல்லாரும் திரும்பினார்கள். சொறி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாக்கஸ் பஸ்ரியனின் கையைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே வந்து ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டார்.

*

திரும்பி வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பனிக்காலத்தின் கடைசி மாலை. பனி சேறாகத் தொடங்கியிருந்தது. ஸ்டெபனிதான் தாயைக் காரில் கொண்டுவந்தாள். மலைக்குடிலின் சுவரில் இருந்த படத்தில் ஒவ்வொருவரும் தாங்கள் போன வழியைத் தங்கள் நிறத்தில் கீறியிருந்தார்கள். கிளடிஸுக்கென்று ஒரு பச்சைப் பேனை மிஞ்சியிருந்தது.

அவள் முதல் பள்ளத்தாக்கில் தொடங்கினாள். முகடு, இறக்கம், முகடு, இறக்கம், எதிர்ச்சரிவு, மஞ்சள் தூண். அங்கிருந்து உணவகம்வரை வந்து, கயிறு கட்டிய லிப்றடிக்கு இறங்கி நின்றாள்.

"அம்மா, அப்ப நீங்கள் முழுக்கச் சுத்தினதெண்டு சொல்லலாமோ, சொல்லேலாதோ?" ஸ்டெபனி பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"போனன், வந்தன். வந்தது வேறை வழி."

"அந்த வழி படத்திலை இல்லையே."

இல்லைத்தான். ஸ்கீ படத்தில் மலைகள் மட்டும். ரோட்டும் ஆறும் பட்டணமும் படத்தின் கீழ் ஓரத்துக்கு வெளியே எங்கோ இருந்தன. கிளடிஸ் பேனையை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு படத்தைத் தாண்டிச் சுவரில் இறக்கினாள்.

"பென்சில், பென்சில்," என்றார் மாக்கஸ் பின்னாலிருந்து. "நகரசபையின் சுவர்."

பென்சிலை வாங்கினாள். வளைவு வளைவாக, சுவரோரம் கிடந்த வாங்கின் முதுகுவரை கீழே வந்தாள். அங்கே ஆற்றுக்கு ஒரு கோடு போட்டாள். பிறகு மறுபக்கத்தால் ஏற்றிக்கொண்டுபோய், படத்துக்குள் நுழைந்து, முதல் பள்ளத்தாக்கில் முடித்தாள். தள்ளி நின்று பார்த்தபோது எல்லாருடைய கோட்டையும் விட அவளுடையதுதான் நீளம்.

வெளியே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஏழு பேரும் ஏறினார்கள். ஆறு பேர் முன்னால் போனார்கள். கிளடிஸ் மேலே நின்று கொளுக்கியை இறுக்கினாள், கண்ணாடியைத் துடைத்தாள், பிறகு தன் கணக்கில் யோசித்து யோசித்து இறங்கினாள். கீழே ஆறு முகங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

வந்து சேர்ந்தாள்.

"இன்னொருதரம் போவோமா?" என்றாள்.